ஓடித் தேய்ந்த வேகக் காரை வாங்கலாமா?



பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் உள்ள ஒரு தோட்டத்தில் அண்மையில் ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். தகப்பனார் முப்பத்தெட்டு ஆண்டுகளாகத் தோட்டத்து ஆள். முதலில் பால் மரம் வெட்டினார்; தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டினார். அடுத்த ஆண்டு அவருக்கு 60 வயது நிறைகிறது. ஓய்வு பெறப் போகிறார். ஓய்வு பெற்றால் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஊழியர் சேமநிதியில் சேர்ந்திருக்கும் பணம்தான் பட்டணத்து ஓரத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணம். மகனுக்கு 24 வயது. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார்.

அந்தத் தாயார் நம்மைப் பார்த்துக் கேட்டது இதுதான்: "ஐயா, மூத்தவன் அந்தப் பெரிய காடிதான் வேணும்னு நிக்கிறான். அவங்க அப்பா பணத்தில ஒரு பங்கு கேக்கிறான். வாங்கிக் குடுக்கலாமா, வேணாமா? நீங்க சொல்லுங்க."

அந்தப் 'பெரிய காடி' புரோட்டோன் பெர்டானா வி-6. 2001ஆம் ஆண்டில் பதிவானது. இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமன்று. சத்ரியா ஜி.டி.ஐ., வீரா 1.8, பழைய ஹோண்டா சிவிக் என்று காரின் பெயர் மாறலாம். ஆசையும் அச்சமும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஆகவே இன்று அதைப் பற்றியே பேசுவோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த இளைஞரின் ஆசையைக் கேலி செய்ய நாம் தயாராக இல்லை. பெர்டானா என்பது ஜப்பானின் மிட்சுபிஷி எடர்னா காரை அடிப்படையாகக் கொண்டு 1995இல் நம் நாட்டில் வெளிவந்த கார். 1990களின் இறுதியில் அதற்கு இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர், 24 வால்வு எஞ்சின் பூட்டப்பட்டது. அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் அரசாங்கக் காராக அதில்தான் போனார்கள். சிறு வயதில் தோட்டத்துச் சாலை ஓரத்தில் நின்று, கறுப்பு நிறக் கார் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்த பையனுக்கு அது மனத்தில் பதியாமல் என்ன செய்யும்? இன்று அதே கார் ஒரு சாதாரண மோட்டார் சைக்கிள் விலைக்கு வருகிறது. ஆசை வருவது இயற்கை.

ஆனால் ஏன் அந்த விலைக்கு வருகிறது என்பதை நாம் யோசிக்க வேண்டும். காரின் விலை இறங்கிவிடும். அதைப் பராமரிக்கும் செலவு இறங்காது. புதிதாக இருந்தபோது வசதியுள்ளவர்கள் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்ட எஞ்சின், இருபது ஆண்டு கழித்தும் அதே எண்ணெயைத்தான் கேட்கும், அதே எண்ணிக்கை பிளக்கைத்தான் கேட்கும். நாலு சிலிண்டர் காரில் பிளக்கு மாற்றுவது கால் மணி நேர வேலை. குறுக்கே படுக்க வைத்த ஆறு சிலிண்டர் எஞ்சினில் மூன்று பிளக்குகள் பின்பக்கம், காற்றுக் குழாய்த் தொகுதிக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றினால்தான் கை போகும். பட்டறைக்காரர் கூலி கூடக் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. சில பட்டறைகளில் முன்பக்க மூன்றை மட்டும் மாற்றிவிட்டு ஆறுக்கும் பணம் வாங்கிய கதைகளையும் நாம் கேட்டிருக்கிறோம். பழைய பிளக்குகளைக் கையில் கொடுக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள்.

சரி, 'மைலேஜ்' விஷயத்துக்கு வருவோம். மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடிய கார் என்றதும் பலர் பயந்து விலகுகிறார்கள். எண்பதாயிரம் என்றதும் மகிழ்ந்து போகிறார்கள். இரண்டும் தவறாக இருக்கக்கூடும். ஒரு கார் ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடுவது சாதாரணம். அப்படியானால் இருபது ஆண்டில் மூன்று இலட்சம். அந்த வயதுக் கார் எண்பதாயிரம் காட்டினால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: கார் பல ஆண்டு ஓடாமல் கிடந்திருக்கிறது, அல்லது மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஓடாமல் கிடந்த காரும் நல்ல கார் அல்ல. ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும், பிரேக் துருப்பிடிக்கும், பெட்ரோல் தொட்டியில் கசடு இறங்கும்.

ஓடிய தூரத்தைவிட ஓடிய விதம் முக்கியம். வட தென் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில், எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடிய இரண்டு இலட்சம் கிலோமீட்டர், எஞ்சினுக்கு அவ்வளவு பெரிய சுமை அல்ல. காலையில் குளிர்ந்த எஞ்சினை முறுக்கி, ஐந்து நிமிடத்தில் கடை வாசலில் நிறுத்தி, மறுபடி முறுக்கி, சாலை விளக்குக்குச் சாலை விளக்கு பந்தயம் ஓட்டிய ஒரு இலட்சம் அதைவிட மோசம். வேகக் கார்களின் சங்கடமே இதுதான். அவற்றை மெதுவாக ஓட்டுவதற்காக யாரும் வாங்குவதில்லை.

மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படித்த இஞ்சினியர் வேண்டாம். கண் இருந்தால் போதும். பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதா? ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் அமுங்கிக் கிழிந்திருக்கிறதா? ஸ்டியரிங் சக்கரம் கை பட்ட இடத்தில் பளபளக்கிறதா? மீட்டர் குறைவாகக் காட்டி இவையெல்லாம் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, நம் நாட்டுப் பட்டறைகளில் எண்ணெய் மாற்றியதும் ஒரு சிறு ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள். அடுத்து எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். கண்ணாடி மூலையில் இருப்பதைக் கிழித்துவிடுவார்கள். கதவுத் தூணிலும் எஞ்சின் மூடிக்கு அடியிலும் ஒட்டியதை மறந்துவிடுவார்கள்.

அந்தக் குடும்பத்தோடு நாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைப் பார்க்கப் போனோம். உடன் வந்தவர், செம்பனை ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். விற்பவர் இடத்தில் கார் பளபளவென்று நின்றது. பெரியவர் காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது.

"ஏன் தம்பி, இப்பத்தான் எங்கேயோ போயிட்டு வந்தீங்களா?" என்றார்.

"இல்லீங்க, நீங்க வரீங்கன்னு கொஞ்சம் சூடு பண்ணி வெச்சேன்," என்றார் விற்பவர்.

இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேய்ந்த எஞ்சின் தன் நோயைக் காட்டுவது குளிர்ந்த நிலையில் முதல் முறை முறுக்கும்போதுதான். இரவெல்லாம் எண்ணெய் கீழே இறங்கியிருக்கும். முறுக்கிய உடனே டக்டக்கென்ற ஓசை வருகிறதா, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, புகை என்ன நிறம் என்று அப்போதுதான் தெரியும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. வால்வு முத்திரையோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கலாம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. வெள்ளைப் புகை காலைக் குளிரில் சிறிது வருவது வெறும் நீராவி. எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்து, இனிப்பு வாடை அடித்தால், குளிர்நீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று பொருள். ஆகவே முன்கூட்டியே சூடாக்கி வைத்த காரைப் பார்க்க நேர்ந்தால், தேநீர் குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் போகலாம். இல்லையென்றால் மறுநாள் விடியற்காலை சொல்லாமல் போய் நிற்கலாம்.

பெரியவர் கதவைத் திறந்து தூணைத் தடவிப் பார்த்தார். மீட்டர் 1,86,000 காட்டியது. தூணில் இருந்த பழைய ஒட்டுத்தாளில், அடுத்த எண்ணெய் மாற்றம் 2,47,000இல் என்று எழுதியிருந்தது. தேதி 2019. அதற்குப் பிறகு அங்கே பேச ஒன்றும் இல்லை. மகனின் முகம் வாடிவிட்டது.

சக்தி வாய்ந்த பழைய கார்களில் உயிர்நாடி ஒன்று உண்டு. அதுதான் டைமிங் பெல்ட். பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதற்கும் வால்வு திறந்து மூடுவதற்கும் இடையே தாளம் தவறாமல் பார்த்துக்கொள்ளும் ரப்பர் பட்டை அது. ஏறக்குறைய ஒரு இலட்சம் கிலோமீட்டருக்குள் அதை மாற்றிவிட வேண்டும். தூரம் ஓடாவிட்டாலும் ஆண்டுக் கணக்கில் ரப்பர் பழுதாகும். ஓடும்போது அது அறுந்தால், இந்த வகை எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். ஒரு நொடியில் எஞ்சின் போய்விடும். கெட்டது இதுதான்: அறுகிற வரை அது எந்த அடையாளமும் காட்டாது. "பெல்ட் மாத்தியாச்சு" என்ற வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். ரசீது இருந்தால் மாற்றியது, ரசீது இல்லையென்றால் மாற்றாதது என்று வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையோடு சேர்த்துக் கணக்குப் பண்ண வேண்டும். பெல்ட்டோடு அதை இழுத்துப் பிடிக்கும் உருளையையும், தண்ணீர்ப் பம்பையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்தி. ஒரே கூலி.

அடுத்தது ஆட்டோ கியர். குளிர்ந்த நிலையில் நன்றாக இருந்து, சூடான பின் வழுக்கும் கியர் பெட்டிகள் உண்டு. ஆகவே அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. நடுநிலையிலிருந்து ஓட்ட நிலைக்கு மாற்றியதும் உடனே பிடிக்கிறதா, அல்லது ஓரிரு நொடி யோசித்துவிட்டு இடியோடு பிடிக்கிறதா என்று கவனியுங்கள். கியர் எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே இருக்கும் தட்டுகள் எரிந்துவிட்டன. கியர் பெட்டியைப் பிரித்துச் செய்யும் செலவு, காரின் விலையில் பாதியை எளிதில் தின்றுவிடும்.

நம் தோட்டங்களின் செம்மண் சாலைக்கு என்று ஒரு சோதனை தனியாக வேண்டும். குலை ஏற்றும் லாரிகள் பள்ளம் பறித்த சாலையில் காரின் கீழ்க் கைகளும் அவற்றின் ரப்பர்களும் சீக்கிரம் போகும். முன்சக்கரத் தண்டின் ரப்பர் உறை கிழிந்தால் மண் உள்ளே போய் இணைப்பு தேயும். வண்டியை முழுக்கத் திருப்பி மெதுவாக நகர்த்தினால் கடகடவென்று சத்தம் வரும். இளைஞர்கள் சிலர் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு இறக்கியிருப்பார்கள். பட்டணத்துத் தார்ச் சாலையில் அது அழகு. நம் லயத்து வாசலுக்கு வரும்போது எண்ணெய்த் தொட்டி கல்லில் இடிக்கும். டயரையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய டயர் பழைய டயர்தான். மழைக்காலத்தில் வேகமாகப் போகக்கூடிய ஒரு காரில், கெட்டிப்பட்ட டயரோடு உங்கள் பிள்ளை வருவதை நினைத்துப் பாருங்கள்.

பத்திரங்கள் சம்பந்தமாக நம் மக்கள் ஏமாறுவது அதிகம். ஆகவே சற்று விவரமாகவே சொல்கிறோம். வேகக் கார் பிரியர்கள் பலர், ஜப்பானிலிருந்து வரும் 'ஹாஃப் கட்' எஞ்சினை வாங்கிப் பூட்டியிருப்பார்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெற்று, கெரான் என்று நாம் வழக்கில் சொல்லும் பதிவுப் பத்திரத்தில் அந்த எஞ்சின் எண்ணை ஏற்றியிருந்தால் தவறில்லை. ஏற்றாமல் இருந்தால், பெயர் மாற்றத்துக்காகப் புஸ்பாகோம் போன்ற பரிசோதனை நிலையத்துக்குப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். எஞ்சின் எண்ணையும் சட்டக எண்ணையும் நீங்களே கண்ணால் பார்த்துப் பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். அந்தப் பரிசோதனையில் தேறிய தாளைக் காட்டி, "அரசாங்கமே நல்ல கார்னு சொல்லியாச்சு" என்பார்கள். அந்தச் சோதனை முக்கியமாகப் பார்ப்பது, கார் திருட்டுக் காரா, எண்கள் திருத்தப்பட்டவையா, சட்டகம் வெட்டி ஒட்டப்பட்டதா என்பதைத்தான். எஞ்சினுக்குள் பிஸ்டன் வளையம் தேய்ந்ததா என்று அது சொல்லாது. கட்டாத சம்மன்கள், சாலை வரி நிலுவை இவற்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும்.

'சம்பொங் பயார்' என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. வங்கிக் கடன் முடியாத காரை, பெயர் மாற்றாமல், "மாதாமாதம் தவணையை நீங்க கட்டிக்குங்க" என்று கைமாற்றிவிடுவார்கள். கேட்க மலிவாக இருக்கும். அந்தக் கார் சட்டப்படி உங்களுடையது அல்ல. நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும், பத்திரத்தில் பெயருள்ளவர் ஒரு நாள் வந்து காரைக் கேட்கலாம். இடையில் நிற்பவர் பணத்தை வங்கியில் கட்டாமல் விட்டால், பறிமுதல் செய்ய வருகிறவர்கள் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். இதன் பக்கமே போக வேண்டாம்.

இவ்வளவு வயதான காருக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை. ஆகவே கைப்பணம் வேண்டும். கைப்பணம் இல்லாதவர் ஆலோங்கிடம் போகிறார், அல்லது அப்பாவின் சேமநிதியைப் பார்க்கிறார். இங்கேதான் அந்தத் தாயாரின் கேள்விக்கு வந்து சேருகிறோம்.

மகனோடு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குப் போய் வர ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர். மாதம் 25 நாள் வேலை, ஆக 1,500 கிலோமீட்டர். ஆறு சிலிண்டர் ஆட்டோ கார் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 167 லிட்டர். சிறிய கார் 16 கிலோமீட்டர் கொடுத்தால் 94 லிட்டர். மாதம் 73 லிட்டர் வித்தியாசம். பெட்ரோல் விலை எதுவானாலும் இந்த 73 லிட்டர் மாறாது. தீபகற்பத்தில் சாலை வரி, 1,300 சி.சி. சலூன் காருக்கு ஆண்டுக்கு 70 வெள்ளி. பெர்டானாவின் 1,998 சி.சி.க்கு 379 வெள்ளி. காப்புறுதியில் இன்னொரு சங்கடம்: மிகப் பழைய கார்களுக்கு முழுக் காப்புறுதி கிடைப்பது கடினம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால், கார் திருடு போனாலும் மோதி நொறுங்கினாலும் உங்கள் காருக்கு ஒரு காசு கிடைக்காது.

இதற்கு மேல், வாங்கிய முதல் ஆண்டில் டைமிங் பெல்ட், டயர், கீழ்க் கைகள், ரேடியேட்டர், பேட்டரி என்று வரிசையாக வரும். வாங்கும் விலையில் பாதியைத் தனியே கையில் வைத்துக்கொள்ள முடியாதவர், இத்தகைய காரை வாங்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. 7,500 வெள்ளிக் கார் என்றால் இன்னொரு 3,750 வெள்ளி கையில் இருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல் இது.

பையன் காகிதத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ நல்ல காடியே கெடைச்சாலும் வேணாங்கிறீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.

ஏனென்றால் அடுத்த வாரமே பெரியவர் வேறொரு பெர்டானாவைக் கண்டுபிடித்துவிட்டார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடையது. அவர் ஒருவரே அதை வைத்திருந்தார். மீட்டரில் 3,12,000 கிலோமீட்டர். பெரும்பாலும் மகள் வீட்டுக்குச் சிரம்பானுக்குப் போய் வந்த ஓட்டம். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எண்ணெய் மாற்றிய தேதி முதல் விளக்குப் பல்ப் மாற்றியது வரை எழுதி, ரசீதுகளை ஊசி குத்தி வைத்திருந்தார். டைமிங் பெல்ட் மூன்று தடவை மாற்றியிருந்தது. விடியற்காலை ஆறு மணிக்கு, குளிர்ந்த எஞ்சினை முறுக்கினோம். சத்தமில்லை, புகையில்லை. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. விலை 9,000 வெள்ளி. 1,86,000 காட்டிய பொய்க் காரைவிட 3,12,000 காட்டிய இந்த உண்மைக் கார் எத்தனையோ மேல். பணமும், இரண்டாவதாக ஒரு சிறிய வண்டியும் உள்ளவர் தாராளமாக வாங்கலாம் என்றே சொன்னோம்.

ஆனால் அந்த வீட்டில் இரண்டாவது வண்டி இல்லை. பட்டறையில் கார் மூன்று நாள் நின்றால் மூன்று நாள் சம்பளம் போகும். மோட்டார் சைக்கிளை விற்று அந்தக் காசையும் இதில் போடுவதாகத்தான் அவர் திட்டம் வைத்திருந்தார். மீதிப் பணம் அப்பாவின் சேமநிதியிலிருந்து. வீட்டு முன்பணத்திலிருந்து ஒன்பதாயிரத்தை எடுத்தால், அந்த வீடு கைக்கு வருமா என்று தகப்பனாரைக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொல்லைப்புறம் போய் வாழைக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் மகனுக்கு விஷயம் விளங்கியது என்று நினைக்கிறோம்.

சேமநிதிப் பணத்தைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. மோட்டார் சைக்கிளை விற்காமல் வைத்துக்கொண்டு, தம் சொந்தச் சேமிப்பை முன்பணமாகக் கொடுத்துப் பழைய மைவி ஒன்றை வங்கித் தவணையில் எடுத்திருக்கிறார். எஞ்சின் எண்ணையும் டயரின் நான்கு இலக்க எண்ணையும் அவரே பார்த்தார். முன்மூடியின் மேல் கை வைத்ததும் அவர்தான். ஆசிரியரின் பெர்டானாவைத் தைப்பிங்கில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். நோட்டுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.